கடலில் இறங்காதவன்

மூன்று பேருடைய சட்டைகளையும் இரண்டு கைக்கடிகாரங்களையும் மடியில் வைத்துக்கொண்டு உத்திராபதி மணலில் உட்கார்ந்திருந்தான். எதிரே சாமிதுரையும் குழந்தைவேலும் பிச்சைமுத்துவும் அரை டவுசரோடு கடலுக்குள் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அலை வருவதற்கு முன்னால் ஒரு கத்தல், அலை அடித்தபின் ஒரு கத்தல். முப்பது வயது தாண்டிய ஆண்கள் இப்படிக் கத்துவதைச் செட்டிகுளத்தில் யாராவது பார்த்திருந்தால் வேப்பிலை அடிக்க ஆள் தேடியிருப்பார்கள். சாமிதுரை அவ்வப்போது கரைப்பக்கம் திரும்பி, தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது, இறங்கு என்று கையைக் காட்டினான். உத்திராபதி பதிலுக்குச் சட்டைகளைத் தூக்கிக் காட்டினான். காவலுக்கு ஆள் வேண்டாமா என்று அர்த்தம். அந்தக் கரையில் கண்ணுக்கெட்டிய தூரம் காக்கைகளைத் தவிர வேறு யாரும் இல்லை.

சாமிதுரைதான் கூட்டிவந்தவன். லாரி டிரைவர். செட்டிகுளத்துச் சின்ன வெங்காயத்தை நாகப்பட்டினத்து மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, திரும்பும்போது வேதாரண்யத்தில் உப்பு ஏற்றிக்கொண்டு வருவது அவன் வழக்கம். இந்தத் தடவை உப்பளத்துக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் லோடு தர முடியும் என்று சொல்லிவிட்டார்கள். நடுவில் ஒரு நாள் சும்மா கிடைத்தது. சும்மா கிடைக்கும் நாளை விடக்கூடாது என்று டீக்கடையில் முடிவாயிற்று. சைக்கிள் கடை குழந்தைவேல் கடையைச் சாத்தினான். கொத்தனார் பிச்சைமுத்து கரண்டியைக் கழுவி வைத்தான். உத்திராபதிக்கு அழைப்பே தேவைப்படவில்லை, லாரியில் இருந்த மூட்டைகளில் அவன் காட்டு வெங்காயமும் இருந்தது. நால்வரும் எட்டாவது வரை ஒரே பெஞ்சு. வெள்ளிக்கிழமை பொழுது சாய மண்ணெண்ணெய் ஸ்டவ், குண்டான், அரிசி, மிளகாய்த்தூள் சகிதம் ஏறி, அரியலூர், கீழப்பழுவூர், தஞ்சாவூர் என்று, சாமிதுரை ஓட்ட மற்றவர்கள் மூட்டைகளின் மேல் படுத்தபடியே வந்து சேர்ந்தார்கள். சாமிதுரையைத் தவிர மற்ற மூவரும் கடலைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

நாகப்பட்டினத்தில் வெங்காயத்தை இறக்கிவிட்டு, வேளாங்கண்ணி தாண்டி, ஒரு மீனவக் குப்பத்துக்குப் பக்கத்தில் சவுக்குத் தோப்போரம் லாரியை நிறுத்தினார்கள். மூட்டைகளை மூடிவந்த தார்ப்பாய்தான் கூடாரம். முதலில் அதைத் தண்ணீருக்குப் பக்கத்தில், இறுகிக் கிடந்த ஈர மணலில் அடித்தார்கள். அங்கேதான் முளைக்குச்சி ஆடாமல் நின்றது. மண் கெட்டியாக இருக்கும் இடத்தில் முளை அடிக்க வேண்டும் என்பது ஆடு மாடு கட்டுகிறவர்களுக்குத் தெரிந்த சங்கதி. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போன ஒரு பெரியவர் நின்று பார்த்துச் சிரித்தார். சாயந்திரம் கடல் இந்த இடத்துக்கு வரும், உங்களையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகும் என்றார். பிடுங்கி மேட்டில் அடித்தார்கள். குழந்தைவேல் மட்டும் நெடுநேரம் கடலை நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

உத்திராபதி இறங்காததற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான், பயம். இதைக் கேட்டால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். மோட்டார் கொட்டகையின் மேலேறி அறுபதடிக் கிணற்றில் தலைகீழாகப் பாய்ந்து, அடியில் போய் ஒரு கைப்பிடி சேறு எடுத்து வந்து காட்டுகிறவன் அவன். சுற்றுவட்டாரத்தில் கிணற்றில் குடம் விழுந்தாலும் மோட்டார் பைப் கழன்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கிணற்றில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கல் இருக்கும், கையை நீட்டினால் படிக்கட்டு தட்டுப்படும். இங்கே முதலில் ஓடிப்போய்க் காலை நனைத்தவனும் அவன்தான். வந்த அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியில் இருந்த மணலை உருவிக்கொண்டு போனது. நிற்கிற தரையே நழுவும் என்பது அவனுக்குத் தெரியாது. எதிர்க்கரை எங்கே என்று நிமிர்ந்து பார்த்தான், இல்லை. பின்வாங்கி வந்து, சட்டைகளைக் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அரைமணி நேரக் கிண்டலோடு போயிருக்கும். கிணற்றில் பேர் வாங்கினவனுக்கு அது வாயில் வரவில்லை.

முதலில் கவனித்தவன் பிச்சைமுத்து. மூக்கில் ஏறிய உப்புத்தண்ணீரைச் சிந்திக்கொண்டு கரையேறி வந்தவன், உத்திராபதியை உற்றுப் பார்த்தான். முகத்தில் ஒரு மாதத் தாடி. பிறகு மறுபடியும் தண்ணீருக்குள் போய் மற்ற இருவரிடமும் ஏதோ சொன்னான். மூன்று தலைகள் ஒன்றாகக் கூடி, மூன்றும் ஒரே சமயத்தில் கரையைத் திரும்பிப் பார்த்தன. கத்தல் நின்றது. மூவரும் சொட்டச் சொட்ட நடந்து வந்து அவனைச் சுற்றி நின்றார்கள்.

"மாப்ள, தங்கச்சி எப்படி இருக்கு?" என்றான் குழந்தைவேல். உத்திராபதியின் மனைவி மலர்க்கொடியைத்தான் கேட்டான்.

"நல்லாதான் இருக்கு."

"எங்ககிட்டக்கூட சொல்லலல்ல நீ?"

உத்திராபதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிச்சைமுத்துதான் சமாதானம் சொன்னான். "மூணு மாசம் முடியாம வெளிய சொல்லக்கூடாதுன்னு மலரு சொல்லியிருக்கும்டா. வுடு, அவனை ஏன் வெசாரிக்கிற?"

அப்போதுதான் உறைத்தது. பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன்காரன் முடி வெட்டக்கூடாது, முகம் மழிக்கக்கூடாது, தேங்காய் உடைக்கக்கூடாது, பாடை தூக்கக்கூடாது, கடலில் இறங்கக்கூடாது. பெரம்பலூர்ப் பக்கத்தில் பிறந்தவனுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதிலும் அந்தக் கடைசிச் சட்டத்தை, கடலே இல்லாத ஊரில் இதுவரை யாரும் மீறியது கிடையாது. வெங்காயம் பிடுங்குகிற மும்முரத்தில் அவன் முகம் மழிக்கவில்லை. கிளம்பும்போது லாரிக்கு உடைக்கக் கொடுத்த தேங்காயை, உள்ளங்கையில் அரிவாள் வெட்டு என்று குழந்தைவேலிடம் நீட்டியிருந்தான். இப்போது கடலிலும் இறங்கவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், ஆனால் வரிசையாக மூன்று பழம் விழுந்தால் யார்தான் காக்கையை நம்பமாட்டார்கள்?

மறுக்க வாயைத் திறந்தான். அதற்குள் சாமிதுரை குனிந்து, ஈர உடம்போடு அவனைக் கட்டிப்பிடித்தான். சாமிதுரை யாரையும் தொட்டுப் பேசுகிறவன் அல்ல, அம்மா செத்த அன்றைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நின்றவன். அவன் தாடை தோளில் அழுந்தியதில் உத்திராபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. அந்தச் சிரிப்பைப் பதிலாக எடுத்துக்கொண்டு மூவரும் மறுபடியும் கத்த ஆரம்பித்தார்கள். அவள் முழுகாமல் இருக்கிறாள், இவனும் முழுகாமல் இருக்கிறான் என்று குழந்தைவேல் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். சாப்பிட்டதும் சொல்லிவிடலாம் என்று உத்திராபதி நினைத்துக்கொண்டான்.

கல்யாணமாகி ஒன்பது வருடம். மலர்க்கொடிக்கு இரண்டு தடவை தங்கி, இரண்டும் மூன்றாம் மாதத்திலேயே போய்விட்டன. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. பெரம்பலூர் டாக்டர், திருச்சி டாக்டர், செட்டிகுளத்து முருகனுக்குக் கரும்புத் தொட்டில் வேண்டுதல் எல்லாம் ஆயிற்று. இப்போது அவனுடைய அக்கா பஞ்சவர்ணம், மாசி போனால் வேறு பெண் பார்ப்பது என்று வெளிப்படையாகவே பேசிக்கொண்டிருந்தாள். அவள் பேசும்போது மலர்க்கொடி எழுந்து போவதில்லை, முகத்தைக்கூடத் திருப்புவதில்லை. முறத்தில் இருக்கும் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருப்பாள். உத்திராபதி அக்காவை அதட்டுவான். அதட்டலில் வேகம் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு வந்தது அவனுக்கும் தெரியும், மலர்க்கொடிக்கும் தெரியும்.

சாப்பிட்டதும் சொல்ல முடியவில்லை. கட்டுமரக்காரரிடம் சங்கரா மீன் வாங்கி வந்தார்கள். செதில் எடுக்க உத்திராபதி கத்தியைக் கையில் எடுத்ததும் பிச்சைமுத்து பிடுங்கிக்கொண்டான். உயிர்ப்பிராணியை அறுக்கக்கூடாதாம். உரிப்பதற்கு வெங்காயம் மட்டும் தந்தார்கள். குழம்பு நன்றாகத்தான் இருந்தது. பெரிய துண்டுகளாகப் பார்த்து அவன் தட்டில் போட்டார்கள், பிள்ளைத்தாச்சிக்கு ஊட்டுவது மாதிரி. டீ குடித்தபிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டான். டீயும் ஆயிற்று.

உண்மையைச் சொன்னால், அவனுக்கு அந்த மத்தியானம் பிடித்திருந்தது. சாமிதுரை கால் நீட்டிப் படுத்துக்கொண்டு பிள்ளைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். மூத்தவள் லாரி கேபினில் ஏறி உட்கார்ந்துகொண்டு, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, இறங்கமாட்டேன் என்று சாதித்த கதை. இரண்டாவது பையன் இன்ஸ்பெக்டர் வந்த நாளில் வகுப்பில் தூங்கிப்போன கதை. குழந்தைவேல் தன் பங்குக்கு, மகள் சைக்கிள் பெல்லை எல்லாம் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் போட்டதைச் சொன்னான். மடை திறந்த மாதிரி வந்துகொண்டே இருந்தது. உத்திராபதிக்கு அந்தப் பிள்ளைகளின் முகம் தெரியும், பெயர் தெரியும். ஆனால் இதில் ஒரு கதைகூட இதற்கு முன்னால் அவன் கேட்டதில்லை. இத்தனை வருடம் தினமும் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தன்னைக் கண்டதும் பேச்சு வெங்காய விலைக்கும் மழைக்கும் மாறியிருக்கிறது என்பது இப்போதுதான் புரிந்தது. வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள், பாவிகள்.

அவன் முகத்தில் என்ன தெரிந்ததோ, சாமிதுரை எழுந்து உட்கார்ந்தான்.

"ஒன் முன்னாடி எம் புள்ளைங்கள தூக்கவே எனக்குக் கூசும்டா. நீ வர்றத பாத்தா எறக்கி வுட்டுடுவேன்."

உத்திராபதி மணலைக் கையில் அள்ளி அள்ளி விட்டான். அதற்கு நன்றி சொல்வதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை.

வெயில் தாழ்ந்ததும் திட்டம் போட ஆரம்பித்தார்கள். திங்கட்கிழமை காலையில் சாமிதுரையின் மனைவி கண்ணகி மலர்க்கொடியைப் பார்க்கப் போவாள். வெறும் கையோடு போகக்கூடாது, அதிரசம் சுட்டு எடுத்துக்கொண்டு போவாள், கூடவே குழந்தைவேல் வீட்டிலும் கிளம்பிவிடுவார்கள். போகிற வழியில் பஞ்சவர்ணம் அக்கா வீடு. அங்கே நின்று ஒரு வார்த்தை சொல்லாமல் போவதில்லை என்று குழந்தைவேல் சபதமே செய்தான். அந்த அக்கா இனிமேல் வாயைத் திறக்கட்டும் பார்ப்போம் என்றான். அவனுக்கு அதில்தான் சந்தோஷம் அதிகம். மலர்க்கொடியை அவன் தங்கச்சி என்று கூப்பிடுவது வெறும் பேச்சுக்கு அல்ல.

உத்திராபதி அந்தத் திங்கட்கிழமைக் காலையைக் கண்ணுக்குள் பார்த்தான். கதவைத் தட்டுகிறார்கள். மலர்க்கொடி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து திறக்கிறாள். தட்டில் அதிரசம், பூ, குங்குமம். கண்ணகி அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறிக்கிறாள். மலர்க்கொடி கத்தமாட்டாள், இல்லை என்றுகூட உடனே சொல்லமாட்டாள். வாங்க, உக்காருங்க என்பாள். வந்தவர்கள் போனபிறகு அவனிடமும் எதுவும் கேட்கமாட்டாள். ஆசையில் சொன்னானா, கேலிக்குச் சொன்னானா, அக்கா வாயை அடைக்கச் சொன்னானா என்று அவளே மனசுக்குள் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருப்பாள். அதை நினைக்க அவனுக்குத் தாங்கவில்லை.

"டேய், ஒண்ணு சொல்லணும்" என்றான்.

பிச்சைமுத்து அவன் வாயைப் பொத்தினான். ஒன்றும் சொல்லாதே, கண் பட்டுவிடும் என்று ஒரு பிடி மணலை எடுத்து அவன் தலையை மூன்று சுற்றுச் சுற்றி, ஓடிப்போய்க் கடலில் எறிந்துவிட்டு வந்தான். வந்து உட்கார்ந்தவன் மெதுவான குரலில் தன் கதையைச் சொன்னான். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். அவன் அம்மாவுக்கு அவனுக்கு முன்னால் பிறந்தது எதுவும் தங்கவில்லை. இவன் பிறந்ததும் முறத்தில் போட்டு, மூன்று தெருவில் மடிப்பிச்சை எடுத்து, அந்த அரிசியில் பொங்கி வைத்துத்தான் பெயர் வைத்தாள். "நிக்கும்டா" என்றான், "நானே நின்னுட்டேன், ஒன் புள்ள நிக்காதா?" அவன் கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு, நான் கடலுக்குப் பயந்து உட்கார்ந்திருந்தேன் என்று எப்படிச் சொல்வது? உத்திராபதி எழுந்து போய்க் குண்டானைக் கழுவினான்.

படுத்தபிறகு எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தான். எப்படிச் சொன்னாலும் கடைசியில் சாமிதுரையின் முகம் பழையபடி ஆகிவிட்டது. மறுபடியும் வெங்காய விலை, மறுபடியும் மழை. தார்ப்பாயில் வெங்காய வாடை அடித்தது. மற்றவர்கள் குறட்டை விட்டார்கள்.

விடிந்தபோது கடல் கீழே இறங்கிப் போயிருந்தது. குழந்தைவேல் ஸ்டவ்வைப் பம்ப் அடித்துக்கொண்டிருந்தான். சாமிதுரை கண்ணாடியைச் சவுக்கு மரத்தில் மாட்டி முகம் மழிக்க உட்கார்ந்தான். மத்தியானம் உப்பு ஏற்றினால் பொழுது சாய்வதற்குள் அரியலூரைத் தாண்டிவிடலாம், பூவை அங்கேயே வாங்கிவிடலாம் என்று பேச்சு. உத்திராபதி சட்டையைக் கழற்றி மடித்துத் தார்ப்பாயின் மேல் வைத்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தான். காலைக்கடன் முடிக்கப் போகிறான் என்று நினைத்திருப்பார்கள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சாமிதுரை சொன்னபடி தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. நேற்றுப் போலவே மணல் குதிகாலுக்கு அடியில் நழுவியது. நின்றான். எதிர்க்கரை இன்றைக்கும் இல்லை. முழங்கால் வரை போனான். திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது, வாயால் சொல்லிக்கொள்ளலாம், ஊர் போவதற்குள் எங்காவது. வாயால் தான் சொல்லப்போவதில்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இடுப்பளவு தண்ணீரில் முதல் அலை நெஞ்சில் அறைந்தது. கண்ணை மூடிக்கொண்டு அடுத்ததில் தலையைக் கொடுத்தான்.

மேலே வந்தபோது காதுக்குள் உப்பும் இரைச்சலுமாக இருந்தது. கரையிலிருந்து யாரோ கத்தினார்கள். அரைமுகம் சோப்பு நுரையோடு சாமிதுரை எழுந்து நின்றிருந்தான். பிச்சைமுத்து லுங்கியோடு தண்ணீருக்குள் ஓடி வந்துகொண்டிருந்தான். குட்டையான ஆள், அலை அவனை ஒரு தடவை உட்கார வைத்து எழுப்பியது. வந்து உத்திராபதியின் கையைப் பிடித்து இழுத்தான். அவனுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"வெளிய வாடா, கூறு கெட்டவனே. தலைய நனைச்சிட்டியேடா. வவுத்துல இருக்குற புள்ளைக்கு ஆவாதுடா."

"எந்தப் புள்ளடா?" என்றான் உத்திராபதி.

பிச்சைமுத்து இழுப்பதை நிறுத்தினான். கையை விடவில்லை. அவன் முகத்தில் ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டு வந்ததை உத்திராபதியால் பார்க்க முடியவில்லை, அலையைப் பார்த்தான். அலை வந்து இருவரையும் நனைத்துவிட்டுப் போனது.

"இல்லடா. ஒண்ணும் இல்ல. கடலப் பாத்துப் பயந்துகிட்டுக் குந்தியிருந்தேன். நீங்களா நெனச்சிட்டீங்க, எனக்கும் நல்லா இருந்திச்சு." குரல் உடைந்தது. "கண்ணகிய வூட்டுக்கு அனுப்ப வேணாம்னு சொல்லு. மலரு தாங்காது."

பிச்சைமுத்து கரையைப் பார்த்துத் திரும்பினான். தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினான். அவ்வளவு தூரத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது. குழந்தைவேல் கையில் டீத்தூள் பொட்டலத்தோடு அப்படியே மணலில் உட்கார்ந்தான். சாமிதுரை தோளில் கிடந்த துண்டால் முகத்து நுரையைத் துடைத்தான். பாதி மழித்த முகம். துண்டை எங்கே வைப்பது என்று தெரியாதவன் மாதிரிச் சற்று நேரம் நின்றான். பிறகு அதைத் தோளிலேயே போட்டுக்கொண்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் தண்ணீருக்குள் இறங்கினான்.

நடந்து வந்து உத்திராபதியின் மறுபக்கம் நின்றான். முகத்தைப் பார்க்கவில்லை. மூவரும் கடலைப் பார்த்து நின்றார்கள். தூரத்தில் ஒரு கட்டுமரம் மேலே வருவதும் மறைவதுமாக இருந்தது. சாமிதுரை அவன் மணிக்கட்டைத் துழாவிப் பிடித்தான், பிள்ளைகளை ரோட்டைக் கடக்க வைக்கும்போது பிடிக்கிற பிடி.

"பெருசா ஒண்ணு வருதுடா" என்றான். "காலை நல்லா ஊனிக்க."